பிடியரிசியும் கிழக்கு வீட்டுப் பனையும்

எங்கள் ஊருக்கு யாராவது வழி கேட்டால் கோபுரத்தைக் காட்டித்தான் சொல்வார்கள். பக்கத்து ஊரான மெஞ்ஞானபுரத்தில் உள்ள பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரம் அது, 192 அடி உயரம். தேரிக்காட்டுச் செம்மணலில் எந்த மேட்டில் ஏறி நின்றாலும் பனந்தலைகளுக்கு மேலே ஊசிபோல அது தெரியும். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் கட்டி, 1847-ல் பிரதிஷ்டையான கோயில். எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கோபுரம் கிடையாது. ஓட்டுக்கூரை, ஒரு மணி, மணியடிக்க ஒரு கோயில்பிள்ளை, அவ்வளவுதான். குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் எல்லாம்.

ஓய்வுநாள் பள்ளியில் கொரிந்தியர் முதல் நிருபம் 13-ம் அதிகாரத்தை மனப்பாடமாகச் சொன்னால் பென்சில் டப்பா பரிசு. நான் ஒரு மூச்சில் ஒப்பித்து வாங்கியிருக்கிறேன். அன்பு என்ற வார்த்தை அந்த அதிகாரத்தோடும் பிரசங்க மேடையோடும் நின்றுவிடும். வீட்டில் யாரும் அதை உச்சரித்து நான் கேட்டதில்லை.

வீட்டில் இருந்தது பிடியரிசிக் கலயம். ஆச்சி உலைக்கு அரிசி அளந்து சுளவில் போட்டதும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அடுக்களை மூலையில் இருக்கும் கலயத்தில் போடுவாள். பிறகுதான் கல் பொறுக்குவது, களைவது எல்லாம். பனை ஓய்ந்த மாதங்களில் கருப்பட்டிக் காசு வராது. ஒரு வேளை சோறு, ஒரு வேளை கஞ்சி என்று ஓடும். அப்போதும் கஞ்சி அரிசியிலிருந்து ஒரு பிடி போகும். "இன்னைக்கு மட்டும் விட்டா என்ன அத்தே?" என்று அம்மா ஒருமுறை கேட்டுவிட்டாள். "அது நம்ம அரிசி இல்லட்டி. நம்ம அரிசின்னா யோசிக்கலாம்" என்றாள் ஆச்சி.

ஞாயிற்றுக்கிழமை அதை ஓலைப்பெட்டியில் கொண்டுபோய்க் கோயிலில் வைத்திருக்கும் சாக்கில் கொட்ட வேண்டும். சம்பா, ரேஷன் பச்சரிசி, ஐ.ஆர். எட்டு, குருணை என்று எல்லா வீட்டு அரிசியும் அந்தச் சாக்கில் ஒன்றாகும். ஆராதனை முடிந்ததும் ஏலம். அந்தக் கலப்பரிசியை வாங்கிப் பொங்கினால் ஒரு பருக்கை குழையும், பக்கத்துப் பருக்கை விறைத்துக்கொண்டு நிற்கும். மலிவாகப் போகும் என்பதால் இல்லாத வீட்டுக்காரர்கள் எடுப்பார்கள். பல ஞாயிறு எங்கள் வீட்டிலும் அந்தச் சோறுதான். கொடுத்த அரிசியையே காசு கொடுத்து வாங்கித் தின்றிருக்கிறோம்.

ஏலக் காசு இந்திய மிஷனெரி சங்கத்துக்குப் போகும். 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் அந்நியப் பணத்தை நம்பாமல் தாங்களாகவே தொடங்கிய சங்கம் அது. அதன் ஊழியம் முதலில் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் போயிற்று. திருச்செந்தூரைத் தாண்டிப் போகாத ஆச்சி தினமும் ராத்திரி ஜெபத்தில் தோர்ணக்கல்லைச் சேர்த்துக்கொள்வாள். மதுரைக்கு அடுத்த ஊர் என்று நினைத்திருந்தாள்.

சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அசரியா. 1874-ல் பிறந்தவர். பிறந்த வெள்ளாளன்விளை எங்களுக்கு நடை தூரம். 1912-ல் தோர்ணக்கல் பேராயரானார்; ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்காரர்களின் முகத்துக்கு நேரே அவர் சொன்னது, தியாகமெல்லாம் நிறையச் செய்தீர்கள், இனி எங்களுக்குச் சிநேகிதர்களாக வாருங்கள் என்பதுதான். கல்லூரிக் காலத்தில் அதைப் படித்தபோது எனக்குக் கிழக்கு வீடுதான் ஞாபகம் வந்தது.

கிழக்கு வீட்டுப் பெரியம்மைக்கும் ஆச்சிக்கும் தீராப் பகை. இரண்டு வேலிக்கும் நடுவில் ஒரு பனை. பாளை விட்டால் சண்டை, ஓலை வெட்டினால் சண்டை, நுங்கு விழுந்தால் அன்றைக்குத் தெருவே வேடிக்கை பார்க்கும். திருவிருந்துக்கு முந்தின நாள் உபதேசியார் வந்து இருவரையும் சமாதானமாக்கிவிட்டுப் போவார். திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிக்கும்.

அந்தப் பெரியம்மைக்கு வாதம் விழுந்து ஒரு கையும் காலும் போயிற்று. மகன் பம்பாயில். மருமகள் கைப்பிள்ளைக்காரி. ஊர்க்காரர்கள் போய் ஜெபம் பண்ணினார்கள், ஆரஞ்சுப் பழம் வைத்தார்கள், வந்துவிட்டார்கள். ஆச்சி மட்டும் விடிலியில் கருப்பட்டி ஊற்றி முடித்ததும் நேரே அங்கே போவாள். வேப்பிலை போட்ட வெந்நீரில் உடம்பைத் துடைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, சிக்கெடுத்து, ஈருளியால் பேன் வாரி, எண்ணெய் தடவிப் பின்னிவிடுவாள். மருந்துக் கிண்ணத்தைப் பிடிக்க என்னையும் கூட்டிப்போவாள். எனக்கு நாற்றம் தாங்காது.

அப்போதும் சண்டை ஓயவில்லை. "ஏளா, அந்தப் பனை எங்களுக்கு உள்ளதுதான்" என்று குழறிய வாயோடு பெரியம்மை தொடங்குவாள். "சரி, எந்திரிச்சு ஏறிக்கோ. இப்பம் தலைய ஆட்டாத" என்பாள் ஆச்சி. பெரியம்மை சிரித்து நான் பார்த்தது அங்கேதான். நோயாளி என்று ஆச்சி அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தால் அவள் அன்றே செத்துப்போயிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

எல்லாரும் ஆச்சி மாதிரி இருந்தார்கள் என்று எழுத ஆசைதான். பண்டிகை அசனத்துக்கு ராத்திரி முழுக்க ஆம்பிளைகள் கிடாரங்களில் ஆட்டுக்கறியும் கத்திரிக்காயும் காய்ச்சுவார்கள். ஓலைப்பாயில் சோறு மலையாகக் குவியும். இந்து வீட்டுக்காரர்களும் உரிமையாக வந்து உட்காருவார்கள். அதே நேரம் ஊர்க்கோடித் தெருக்காரர்கள் தூக்குவாளியோடு தள்ளி நின்றதையும் பார்த்திருக்கிறேன். வாளி நிறையப் போட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை. அசரியா எடின்பரோவில் சொன்னதை நடை தூரத்தில் இருந்த நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பிடியரிசிக்குப் பதில் காணிக்கைக் கவர் வந்துவிட்டது. அசனத்துக்கு மேசை நாற்காலி போட்டாயிற்று. எல்லாத் தெருவும் உட்காருகிறது, கறியில் உப்புப் பத்தவில்லை என்று எல்லாத் தெருவும் குறை சொல்கிறது. கிழக்கு வீட்டுப் பேரன் கல்யாணத்துக்கு நாங்கள்தான் முன்னால் நின்றோம். போன வருஷம் ரோட்டை அகலப்படுத்த சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். பனை இருந்த இடம் எங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை, புறம்போக்கு.