வெயில் கணக்கு

இப்போதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பாபிஷேகம் எதுவானாலும் தலைக்கு மேல் ஒரு டிரோன் ரீங்காரம் போடுகிறது. எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தால் பாதி வெளுத்துப் போயிருக்கும். வானம் வெள்ளைத் தாள் மாதிரி, வயல் சாயம் போன புடவை மாதிரி. "என்ன செய்வது, உச்சி வெயில்" என்று வெயிலின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். வெயில் பாவம். அதற்கு ஒரு கணக்கு உண்டு.

அந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் அண்ணா. எழுபதுகளில் அவரிடம் ஒரு யாஷிகா மாட் கேமரா இருந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். ஒன்று வீணானாலும் வயிறு எரியும். லைட் மீட்டரை நம்பமாட்டார். "நல்ல வெயிலா? துவாரத்தை எஃப் 16-ல் வை. பிலிமின் வேகம் 100 என்றால் ஷட்டர் 1/100 பக்கம். கண்ணை மூடிக்கொண்டு அடி" என்பார். ஊட்டியில் தயாரான இந்து பிலிமோ வெளிநாட்டு பிலிமோ, எதற்கும் இதே விதிதான்.

அண்ணாவுக்கு இப்போது 86 வயது. இடுப்பு எலும்பு முறிந்து சென்னையில் படுக்கையோடு இருக்கிறார். கும்பகோணம் பக்கம் எங்களுக்கு மிச்சமிருந்த ஒன்பது மா நிலத்தை விற்க முடிவாகி, தை மாதத்தில் பத்திரப்பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கையெழுத்துக்குப் பவர் கொடுத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கதிரோட ஒரு தடவை பார்க்கணும்டா." அதற்கு முன் பேரன் டிரோனில் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு?" என்று கேட்டிருந்தார். பேரன் எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டிருந்தான்.

பதிவுக்கு முதல் நாள் நானும் பேரனும் ஊருக்குப் போனோம். அறுவடை இயந்திரம் ஒரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. இறங்கிவிட்டால் அப்புறம் வெறும் தாள்தான். நாங்கள் வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. காலை இளவெயிலும் மாலை மஞ்சள் வெயிலும் படத்துக்கு அழகு என்பது தெரிந்ததுதான். எங்களுக்கு வாய்த்தது உச்சி வெயில்.

வரப்பில் உட்கார்ந்து பேரனிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவனுடைய டிரோனில் துவாரம் எஃப் 2.8, மாற்ற முடியாது. எஃப் 16-லிருந்து 11, 8, 5.6, 4, 2.8 என்று ஐந்து படி. படிக்குப் படி வெளிச்சம் இரட்டிக்கும். ஐஎஸ்ஓவை ஆகக் குறைந்த 100-ல் வைத்தாலும் ஷட்டர் 1/100-லிருந்து 1/3200-க்கு ஓட வேண்டும். வீடியோவுக்கு அது ஆகாது. நொடிக்கு 25 படம் என்றால் ஷட்டர் அதில் இரட்டிப்பாக, 1/50 பக்கம் இருந்தால்தான் அசைவு இயல்பாகத் தெரியும். இல்லையென்றால் தாழப் பறக்கும்போது கதிர்கள் வெடுக் வெடுக்கென்று துடிக்கும். 3200-ஐ 50-ஆல் வகுத்தால் 64. ஆக, வெளிச்சத்தில் 64-இல் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி வேண்டும். என்டி 64 என்று அதற்குப் பெயர். கேமராவுக்குக் கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரன் பெட்டியில் அது பிரிக்காமலேயே கிடந்தது!

"தாத்தா, இதைப் போட்டால் கலர் வந்துவிடுமா?" என்றான். வராது. இந்தக் கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கலரைக் கெடுப்பது அளவுக்கு மிஞ்சிய வெளிச்சம். வெள்ளையாக எரிந்துபோன இடத்தில் பிறகு கம்ப்யூட்டரில் என்ன செய்தாலும் நிறம் திரும்பாது. கொஞ்சம் இருட்டாக எடுத்ததைத் தூக்கி நிறுத்தலாம். அதனால் காட்சியிலேயே ஆக வெள்ளையான பொருளைப் பார்த்து அளவு வைக்க வேண்டும். எங்களுக்கு அது களத்து மேட்டில் சுண்ணாம்பு அடித்த சுவர். எரிகிற இடத்தில் வரிவரியாகக் கோடு காட்டும் வசதி டிரோனிலேயே இருக்கிறது. சுவரில் கோடு விழுந்தது. ஷட்டரை 1/60 ஆக்கினோம், கோடு மறைந்தது. அதோடு ஆட்டோவைப் பூட்டினோம். பூட்டாவிட்டால் வயலிலிருந்து வானத்துக்குத் திரும்பும்போது படம் பளிச்சென்றும் மங்கலென்றும் மாறும். நிறச் சமநிலையையும் 5500-ல் நிறுத்தினோம். ஆட்டோவில் விட்டால் ஒரே நெல் ஒரு நிமிஷம் மஞ்சளாகவும் மறு நிமிஷம் நீலம் பாய்ந்தும் தெரியும்.

இன்னொன்று. உச்சி வெயிலில் தொடுவானம் புகை மூட்டமாகத்தான் இருக்கும். வானத்தை விட்டுவிட்டு கேமராவை நன்றாகக் கீழே குனிய வைத்தால், வரப்பும் வாய்க்காலும் கதிரும் மட்டும் சட்டத்துக்குள் நிற்கும், நிறமும் தேறும். செல்போன் திரை வெயிலில் தெரியவில்லை. என் கறுப்புக் குடையைப் பேரன் தலைக்கு மேல் பிடித்தேன். பழைய ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் இதற்காகத்தானே.

கிளம்புமுன் அரசு வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலம் என்று பார்த்துக்கொண்டோம். அங்கே 400 அடி வரை பறக்கலாம். நாங்கள் 100 அடியைத் தாண்டவில்லை. இரண்டு பேட்டரி தீர்ந்தபோது இயந்திரம் வந்துவிட்டது.

மறுவாரம் அண்ணாவின் கட்டிலுக்கு எதிரே டிவியில் போட்டேன். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "நிறுத்து, அது தெக்கு மடைதானே?" என்றார். அப்புறம், "மேலண்டை வயல் நல்லா முத்திப் போச்சுடா. நாலு நாள் முந்தியே அறுத்திருக்கணும், நெல்லு உதிரும்" என்றார். நிலம் கைமாறி ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் அதை ஞாபகப்படுத்தவில்லை. கதிர் முற்றியது நிறத்தைப் பார்த்துத்தானே தெரியும். அந்த நிறம் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் டிரோன் வைத்திருக்கும் பேரனோ பேத்தியோ இருக்கலாம். கருவி அவர்களுக்கு அத்துபடி. வெயில் நம் காலத்து வெயில்தான், எஃப் 16-ம் அப்படியேதான் இருக்கிறது. கூடப் போங்கள். குடையை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.