உலுதாக் மலைக்குப் போகும் சகோதரிக்கு

துருக்கியின் புர்ஸா நகரில், 20 குவிமாடங்கள் கொண்ட உலு ஜாமி பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்து பாருங்கள். நகரத்தின் தலைக்கு மேலே உலுதாக் மலை நிற்கும். உயரம் 2,543 மீற்றர். கேபிள் காரில் ஏறினால் பனிக்குள்ளேயே போய் இறங்கலாம். குளிர்காலத்தில் குடும்பம் குடும்பமாக அங்கே சறுக்க வருகிறார்கள். ஆணும் பெண்ணும் கழுத்து முதல் கணுக்கால் வரை தடித்த உடுப்பில்தான் இருப்பார்கள். ஆகவே உடை பற்றிய சங்கடம் நமக்கில்லை.

சங்கடம் வருவது, சறுக்குக் கட்டைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையில்தான்.

முன்பெல்லாம் இக்கட்டைகள் ஏறக்குறைய நேராக, ஆளைவிட நீளமாக இருந்தன. 1993இல் ஸ்லொவேனியாவின் எலான் நிறுவனம் இடை நன்கு சிறுத்த கட்டையைக் கொண்டுவந்தது. இன்று 'கார்விங்' என்று கேட்டால் கிடைப்பது அந்த வகைதான். காலைச் சரித்து அதன் ஓரத்தைப் பனியில் அழுத்தினால், கட்டை வில்லாக வளைந்து தானே திரும்பும்.

கட்டையை நிமிர்த்தி உங்கள் பக்கத்தில் வையுங்கள். புதிதாகப் பழகுபவருக்கு அது நாடிக்கும் மூக்குக்கும் இடையில் நின்றால் போதும். இடையின் அகலம் 70 முதல் 80 மில்லிமீற்றர் வரை இருக்கட்டும். மேலே எழுதியிருக்கும் வளைவின் ஆரம் 12 முதல் 15 மீற்றர் என்றால் இலகுவாகத் திரும்பும். பளபளப்பான பந்தயக் கட்டையை நீட்டினால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அது விறைப்பானது, பழகாத காலுக்கு அடங்காது.

பிறகு கடைக்காரர் உங்கள் நிறையையும் வயதையும் கேட்பார். இவ்விரண்டையும் நாம் உண்மையாகச் சொல்லும் இடம் உலகில் எங்கே இருக்கிறது? ஆனால் இங்கே சொல்லத்தான் வேண்டும். இவற்றோடு உயரம், சப்பாத்தின் அடி நீளம், சறுக்கும் திறமை எல்லாவற்றையும் பார்த்தே, சப்பாத்தைக் கட்டையோடு பிணைக்கும் பூட்டின் இறுக்கத்தை அவர் வைக்கிறார். விழும்போது அந்தப் பூட்டுக் கழன்று காலை விடவேண்டும். நிறையைக் குறைத்துச் சொன்னால், நடுச்சரிவில் தேவையின்றிக் கழன்று உங்களை விழுத்தும். 'நன்றாகச் சறுக்குவேன்' என்று பெருமைக்குச் சொன்னாலோ, கழல வேண்டிய வேளையில் கழலாது. கட்டை போகும் பக்கம் முழங்கால் முறுகும். பூட்டுச் சரியாக இருந்தாலும் முழங்காலுக்கு முழுக்காப்பு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்களுக்காகக் கணவரைப் பதில் சொல்ல விடாதீர்கள். அவருக்கு உங்கள் நிறை தெரியாது! வெட்கமாயிருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

சப்பாத்து குதிக்காலை அசையவிடாமல் பிடிக்க வேண்டும். முழங்காலை முன்னே மடித்தால் விரல் நுனி சற்று விலக வேண்டும். மலையில் நின்ற பிறகு அது கடித்தால் பொறுத்துக்கொண்டிராமல் திரும்பிப் போய் மாற்றுங்கள். மாற்றியதும் பூட்டையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.