ஏரி வாரியமும் உங்கள் கிளப்பும்

உத்திரமேரூர்

அன்புள்ள மதி,

பெரியப்பா எழுதுவது.

உங்கள் ஸ்கீ கிளப்பில் சம்பளத்துக்கு ஆளே கிடையாது, பனியில் தடம் போடுவதிலிருந்து கணக்கு எழுதுவது வரை உறுப்பினர்களே பார்க்கிறார்கள் என்று போனில் சொன்னாய். எப்போதும் அதே நாலு பேர்தான், பதவியை விடவும் மாட்டேன் என்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டாய். பனிச்சறுக்கு எனக்குத் தெரியாது. இந்தத் தொல்லை நம்மூருக்குத் தெரியும்.

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து விதிகள் இருக்கின்றன. முதல் ஏற்பாடு 919-இல். அதன் குறைகளைத் திருத்தி 921-இல் இன்னொன்று. அப்போது ஊர் வேலையைச் சபையின் வாரியங்கள் பார்த்தன. சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகம் என்ற ஏரிதான் ஊருக்குச் சோறு போட்டது. தூர் வாராமல் விட்டால் வயல் காயும்.

வாரியத்துக்கு ஆள் எடுத்த குடவோலை முறையை ஓட்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்திருப்பார்கள். அது சீட்டுக் குலுக்கல். ஊரின் 30 குடும்புகளிலும் (வட்டாரங்களிலும்) தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். சபையில் சிறியவர் பெரியவர் எல்லாரும் இருக்க, வயதான நம்பி (கோயில் பூசாரி) ஒருவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். விவரம் தெரியாத சிறுபிள்ளை ஓர் ஓலைக்கட்டை எடுக்கும். அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுக்கும். வாங்குபவர் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா!

எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கட்டம். முந்தைய மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரும் போகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்களும் போகாது. பதவிக்காலம் 360 நாள். நடுவில் குற்றம் தெரிந்தால் அப்போதே நீக்கம்.

இதை ஜனநாயகம் என்று மார்தட்டுபவர்களிடம் ஒன்று சொல்வேன். பிராமணச் சபை அது. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35-க்கு மேல் 70-க்குள் வயது எல்லாம் வேண்டும். ஏரியில் மண் சுமந்தவர்கள் பெயர் குடத்துக்குள் போனதில்லை. உங்கள் கிளப்பிலும் ஓய்வும் வசதியும் உள்ளவர்கள்தான் முன்னால் நிற்கிறார்களா என்று பார்.

நல்ல மனசு இருந்தால் போதும், பொதுக்காரியம் நடக்கும் என்று அவர்கள் நம்பவில்லை. நல்லவரும் மூன்று வருஷம் ஒதுங்கியிருக்கட்டும், வேண்டியவரும் கணக்குக் காட்டட்டும் என்று கல்லில் வெட்டினார்கள். அடுத்த பொதுக்குழுவில் இந்த இரண்டை மட்டும் கேட்டுப் பார். கேட்கும்போதே உன் பெயரையும் கொடுத்துவிடு. குறை சொல்கிறவர் பெயரும் குடத்தில் இருக்க வேண்டும், மதி.

இப்படிக்கு,
அன்புள்ள பெரியப்பா