பழைய பெட்டியின் குரல்

எங்கள் வீட்டுப் பரணில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக ஒரு மரப்பெட்டி கிடந்தது. மின் கித்தாரின் ஒலியைப் பெருக்கித் தரும் கருவி அது. கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்திய கார்டு ஒருவர், குடும்பத்துடன் ஆஸ்திரேலியா சென்றபோது என் தந்தையாருக்கு அதனை விற்றார். பகலில் ரயில்வே பணிமனையில் பிட்டராக உழைத்த தந்தையார், மாலையில் இன்ஸ்டிடியூட் வாத்தியக் குழுவில் கித்தார் வாசித்தவர்.

நான் மெட்ரிக் தேர்வுக்குப் படித்த நாட்களில் ஒரு மாலை, "அப்பா, இந்த இரைச்சலை நிறுத்துங்கள்" என்று கடிந்து கூறிவிட்டேன். அன்று பரண் ஏறிய பெட்டி பிறகு இறங்கவில்லை.

சென்ற தீபாவளிக்கு வீட்டைத் தூய்மை செய்கையில், அதனைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட எண்ணிக் கீழே இறக்கினேன். தந்தையார் தடை சொல்லவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து, பெட்டியின் முகப்பை மெல்லத் துடைத்தார். அதன் பிறகு அதை விற்க எனக்கு மனம் வரவில்லை.

வானொலி பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். உள்ளே இரண்டு 'இ.எல். 84' வால்வுகள் இருந்தன. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்தவை. அந்நிறுவனம் 1961-இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கிற்று. வால்வுகள் நன்றாகவே இருந்தன. மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் கண்டென்சர்களே முதுமையால் வறண்டிருந்தன. "இணைப்பைப் பிடுங்கிய பின்னும் இவற்றில் முந்நூறு வோல்ட் தங்கி நிற்கும், பழகாதவர் கை வைக்கலாகாது" என்று எச்சரித்து, அவற்றை மாற்றித் தந்தார்.

வீட்டில் தந்தையார் கித்தாரை இணைத்தார். அரை நிமிடத்தில் வால்வுகள் செந்நிறமாய்க் கனன்றன. தந்தியை மெல்ல மீட்டினார்; ஒலி தெளிந்த நீர்போல் வந்தது. ஓங்கி மீட்டினார், அதே ஒலி கரகரத்து உறுமிற்று. தன் எல்லையை எட்டிய வால்வு, ஒலியலையின் முகட்டைச் சட்டென வெட்டாமல் சிறிது சிறிதாக மழுக்குகிறது. அந்தக் கரகரப்பு பிறப்பது அதனால்தான். அதனை விரல்களாலேயே கூட்டவும் குறைக்கவும் தந்தையார் அறிந்திருந்தார். நான் இரைச்சல் என்றது அவருடைய தேர்ச்சியை.

டிரெபிள் குமிழின் ஓரத்தில், ஆணியால் கீறிய சிறு கோடு ஒன்று தெரிந்தது. அக்காலத்தில் அவர் வைத்த அடையாளம். குமிழை அவ்விடத்திற்குத் திருப்பினேன். என் செவிக்கு அது இனிமையாயிருந்தது. அவரோ தலையசைத்து, "மங்கலாயிருக்கிறது, இன்னும் கூட்டு" என்றார். கோட்டைக் கடந்து நெடுந்தூரம் திருப்பிய பிறகே அவர் முகம் மலர்ந்தது. "இதுதான், இதுதான் பழைய ஒலி!" என்றார்.

முதுமை முதலில் உயர்ந்த சுரங்களையே செவியிலிருந்து கவர்ந்து கொள்கிறது. பெட்டியின் ஒலி மாறவில்லை; கேட்பவர் செவி மாறியிருந்தது. பணிமனை ஓசையிலும் பல்லாண்டு கழித்த செவி அது. கோட்டை அவருக்குச் சுட்டிக்காட்ட வாயெடுத்தேன். பின் அடக்கிக் கொண்டேன்.

இப்போது ஞாயிறு மாலைதோறும் அவர் சொல்லும் இடத்திலேயே குமிழை நிறுத்துகிறேன். எனக்கு அவ்வொலி சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நான் எழுந்து வேறு அறைக்குச் செல்வதில்லை.