வாப்பாவின் குரலும் வண்டியின் இரைச்சலும்



நம் கடற்கரை ஊர்களில், வயது முதிர்ந்தோர் வாழும் வீடுகளில், பீரோவின் அடித்தட்டைத் துழாவினால் பழைய ஒலிநாடாக்கள் இரண்டொன்று கிடைக்கும். எழுதத் தெரியாதவர்களும், எழுதி மனம் நிறையாதவர்களும் அரபு நாடுகளிலிருந்து தம் குரலையே பதிவு செய்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பிய காலம் ஒன்று இருந்தது. 1982ஆம் ஆண்டில் என் வாப்பா துபாயிலிருந்து அனுப்பிய அறுபது நிமிட நாடா ஒன்று, கீழக்கரையில் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அவர்கள் வஃபாத்தாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. நாடா நைந்து போவதற்குள் என் மகன் அதைக் கணினியில் ஏற்றி, பென் டிரைவில் பதிந்து கொடுத்தான்.

உம்மாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. கண் சிகிச்சைக்காக அவர்களை அவ்வப்போது மதுரைக்குக் காரில் அழைத்துச் செல்கிறேன். போக வர ஐந்தாறு மணி நேரமாகும். அந்தப் பயணத்தில் வாப்பாவின் குரலைக் கேட்டுக்கொண்டே வர வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. ஆனால் காதும் சற்று மந்தம். காரில் இருந்த சிறிய ஸ்பீக்கர்களின் ஒலி அவர்களுக்கு எட்டவில்லை. அதற்காகவே ஓர் ஆம்ப்ளிஃபயரை வாங்கி டிக்கியில் பொருத்தச் செய்தேன்.

குரல் உரத்துத்தான் கேட்டது. ஆனால் அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் 'ஊம்' என்றொரு இரைச்சல். வேகத்தைக் கூட்டினால் அது கீச்சென்று உயரும். குறைத்தால் முனகலாக இறங்கும். வாப்பா ஸலாம் சொல்லி, வீட்டிலுள்ளோர் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி நலம் விசாரிக்கும் இடம் முழுவதும் அந்த ஊளையில் அமிழ்ந்து போயிற்று.

"தம்பி, உங்க வாப்பா பேசுறப்போ பின்னால யாரு அழுவுறது?" என்று உம்மா கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பொருத்திய கடைக்குச் சென்றேன். ஒரு ஃபில்டரை விற்றார்கள். இரைச்சல் சிறிது தணிந்ததே தவிர மறையவில்லை. மீண்டும் சென்றபோது, பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள். பணத்தை எடுக்கக் கை சட்டைப் பைக்குப் போன நேரத்தில்தான் எனக்கு வெட்கம் வந்தது. நான் முப்பது ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். "ஊகிக்காதே, சோதித்துப் பார், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று" என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்! என் சொந்த வண்டி என்றதும் அதை மறந்துவிட்டேன்.

இந்த இரைச்சல் எங்கே பிறக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேட்டரிக்கு மின்னேற்றம் செய்வது ஆல்டர்னேட்டர். அது உண்டாக்குவது மாறுதிசை மின்சாரம். அதனுள் இருக்கும் டையோடுகள் அதை நேர்த்திசை மின்சாரமாக ஆக்குகின்றன. ஆயினும் சிற்றலை போன்ற ஓர் ஏற்ற இறக்கம் அதில் எஞ்சியிருக்கும். எஞ்சினின் வேகம் கூடக் கூட அந்த அலையும் விரைவதால்தான் ஊளையின் சுருதி உயர்கிறது. ஆல்டர்னேட்டர் உள்ள எந்தக் காரிலும் இது உண்டு. அது ஸ்பீக்கர் வரை வந்து சேருவதற்கு எங்கே வழி கிடைத்தது என்பதுதான் கேள்வி.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு தாளும் பேனாவுமாகச் சோதனையைத் தொடங்கினேன். உங்கள் வண்டிக்கும் உதவும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி ஒலிக்கச் செய்தேன். ஊளை இல்லை. ஆகவே அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருவதுதான். எஞ்சின் ஓடாதபோதும் 'ஸ்ஸ்' என்ற சீறல் மாறாமல் கேட்குமானால், பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரில் உள்ள கெயின் திருகு அளவுக்கு மீறித் திறக்கப்பட்டிருக்கும். அது ஒலியைக் கூட்டுவதற்கான திருகு அன்று. பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரை இசைவிப்பதற்கானது. தேவைக்கு மேல் திறந்தால் குரலோடு குப்பையும் பெருகும்.

இரண்டாவதாக, பாட்டுப் பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் ஆர்.சி.ஏ. வயர்களைக் கழற்றினேன். எஞ்சின் ஓடியபோதும் ஊளை நின்றது. அப்படியானால் அது உள்ளே நுழைவது இந்த வழியாகத்தான். கழற்றிய பிறகும் கேட்டிருந்தால் ஆம்ப்ளிஃபயரையும் அதற்கு வரும் மின் வயரையும் சந்தேகித்திருப்பேன்.

மூன்றாவதாக, எதனுடனும் இணைக்கப்படாத கைப்பேசி ஒன்றை நேராக ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். சார்ஜரில் போட்ட கைப்பேசியே சில சமயம் ஊளையிடும் என்பதால் சார்ஜரைத் தவிர்த்தேன். குரல் தெளிவாக வந்தது.

நான்காவதாக, வேறொரு ஆர்.சி.ஏ. வயரை, பேட்டரியிலிருந்து வரும் மின் வயருக்கு எட்டாமல் இருக்கைகளின் மேலாகவே இழுத்துப் பாட்டுப் பெட்டியுடன் இணைத்தேன். ஊளை மீண்டும் வந்தது. எனவே வயர் சென்ற பாதையிலும் குற்றமில்லை. பல வண்டிகளில் இரண்டையும் ஒரே பக்கமாகக் கொண்டு செல்வதே தொல்லையாகிவிடும். ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிடுவது நல்லது.

எஞ்சியது எர்த். பாட்டுப் பெட்டிக்கு டேஷ்போர்டின் பின்னே ஓர் எர்த். ஆம்ப்ளிஃபயருக்கு டிக்கியில் ஓர் எர்த். இரண்டும் வண்டியின் உலோக உடம்பைத்தான் தொடுகின்றன. ஆனால் ஓரிடத்தில் பிடிப்பு சரியில்லையென்றால் இரண்டுக்கும் இடையே சிறிய மின்னழுத்த வேறுபாடு தோன்றும். அப்போது ஆர்.சி.ஏ. வயரின் மேலுறை வழியே மின்சாரம் ஓடத் தொடங்கும். ஆல்டர்னேட்டரின் அலை அதன் மீதேறிக் குரலோடு கலந்துவிடும்.

மல்ட்டிமீட்டரில் நீண்ட வயர் ஒன்றை இணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் இடையே, எஞ்சின் ஓட, ஒலி உரக்க இருக்கும்போது அளந்தேன். ஏறத்தாழ பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 0.7 வோல்ட் இருந்தது. கள்வன் அகப்பட்டான்!

டிக்கியின் விரிப்பை விலக்கிப் பார்த்தேன். ஒரு மெல்லிய ஸ்க்ரூ, பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. எங்கள் ஊர் உப்புக் காற்றில் அதுவும் துருப்பிடித்திருந்தது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டு, உப்புத்தாளால் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, பல்வைத்த வாஷருடன் கனத்த போல்ட்டு ஒன்றைப் போட்டு முடுக்கினேன். எர்த் வயரையும் மின் வயரின் கனத்திற்கு மாற்றி, ஒன்றரை அடிக்குள் முடித்தேன். துரு ஏறாதிருக்க மேலே சிறிது கிரீஸ் தடவினேன். மீட்டர் 0.05 வோல்ட் காட்டியது. கடையில் வாங்கிய ஃபில்டரைக் கழற்றியும் பார்த்தேன், ஊளை வரவில்லை. செலவு முப்பது ரூபாய்க்குள் அடங்கியது.

ஓர் எச்சரிக்கை: மற்ற இணைப்புகள் இருக்க, ஆம்ப்ளிஃபயரின் எர்த்தை மட்டும் கழற்றிவிட்டு அதை ஓடவிடாதீர்கள். மின்சாரம் முழுவதும் ஆர்.சி.ஏ. வழியே திரும்பிப் பாட்டுப் பெட்டியைப் பழுதாக்கிவிடக்கூடும். பேட்டரிக்கு அருகிலேயே மின் வயரில் ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அது இல்லாத வண்டியில் தீ விபத்துக்கு இடமுண்டு.

அடுத்த முறை மதுரைக்குப் புறப்பட்டோம். இராமநாதபுரம் தாண்டியதும் ஒலிக்கச் செய்தேன். வாப்பா ஸலாம் சொன்னார்கள். உம்மா வாய்விட்டுப் பதில் சொன்னார்கள். பரமக்குடி வரும்வரை இருவரும் பேசவில்லை.

குரலுக்குப் பின்னே 'கடகட' என்று மெல்லிய ஓசை ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது நாடாவிலேயே பதிந்திருப்பது. "உம்மா, இதையும் கணினியில் நீக்கிவிடலாம் என்கிறான் உங்கள் பேரன்" என்றேன்.

"வேண்டாம் தம்பி. அது அவுக ரூம் காத்தாடி. அதுக்குக் கீழதான பதினோரு வருசம் படுத்துக் கெடந்தாக. அது இருக்கட்டும்" என்றார்கள் உம்மா.

வாசகர்களே, அந்த ஓசையை நான் தொடவில்லை. உங்கள் வீட்டு பீரோவிலும் அப்படியொரு நாடா இருந்தால், அது நைந்து போவதற்குள் எடுத்துக் கேளுங்கள்.