வாப்பாவின் குரலும் வண்டியின் பிடிவாதமும்

 

வளைகுடாவில் உழைத்தவர்கள் அந்நாளில் மடலுக்குப் பதிலாகத் தம் பேச்சையே கேசட்டில் பதிந்து அனுப்புவார்கள். உங்களில் பலருக்கு இது நினைவிருக்கும். தம்மாமிலிருந்து என் வாப்பா 1985 முதல் 1988 வரை அனுப்பிய ஏழு கேசட்டுகளை உம்மா கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார்கள். வாப்பா மர்ஹூமாகிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. கேசட்டை ஓட்டும் பெட்டியோ அதற்கு முன்பே பழுதாகிவிட்டது.

சென்ற ஆண்டு விடுமுறையில் வந்த தம்பி, அவற்றைக் கணினியில் ஏற்றி ஒரு பென்டிரைவில் தந்துவிட்டுப் போனான். கண் சிகிச்சைக்காகக் காயல்பட்டினத்திலிருந்து திருநெல்வேலி செல்லும் வழியில் காரிலேயே கேட்கலாம் என்று உம்மாவிடம் சொல்லி வைத்தேன். சோதித்துப் பார்க்காமல் சொன்னது என் பிழை. பிஸ்மி சொல்லிச் செருகினேன். கோப்பே இல்லை என்றது ஸ்டீரியோ. ஆறுமுகநேரி கடந்தது, குரும்பூர் கடந்தது. உம்மா முந்தானையைத் திருகியபடி காத்திருந்தார்கள். "பரவாயில்லை மகனே, பாதையைப் பார்த்து ஓட்டு" என்றார்கள். அந்தச் சொல் என்னைச் சுட்டது.

அன்றிரவே காரணம் தேடலானேன். பென்டிரைவ் 64 ஜிபி கொள்ளளவுடையது. எக்ஸ்ஃபேட் என்னும் முறையில் அமைக்கப்பட்டிருந்தது. பழைய கார் ஸ்டீரியோக்கள் பலவும் ஃபேட்32 முறையை மட்டுமே படிக்கும். 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றை ஃபேட்32 முறையில் அமைத்து, கோப்புகளை அதில் மாற்றினேன். இம்முறை பெயர்கள் திரையில் தோன்றின, குரல்தான் வரவில்லை.

தம்பி பதிந்தவை எம்4ஏ கோப்புகள். ஸ்டீரியோவின் கையேட்டைப் புரட்டினால், எம்பி3, டபிள்யூஎம்ஏ இரண்டு மட்டுமே அதில் கண்டிருந்தன. உடனே நான் செய்த அறிவீனத்தையும் மறைக்காமல் கூறுகிறேன்: கோப்பின் பெயரில் எம்4ஏ என்பதை அழித்து எம்பி3 என்று எழுதினேன்! ஊறுகாய் ஜாடியில் தேன் என்று எழுதி ஒட்டினால் ஊறுகாய் இனிக்குமா? வாட்ஸ்அப்பில் வரும் குரற்செய்திகளும் இப்படித்தான். அவை ஓபஸ் என்னும் வேறு முறையில் அமைந்தவை. பெயரை மாற்றினால் போதாது. கோப்பையே உருமாற்ற வேண்டும். விஎல்சி என்னும் இலவச மென்பொருள் கொண்டு அதைச் செய்தேன். வினாடிக்கு 128 கிலோபிட் அளவில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 58 எம்பிதான் ஆனது. இவ்வாறு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒலியில் சிறிது குறையும். எனவே மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள், கேசட்டுகளையும் எறிந்துவிடாதீர்கள்.

அடுத்த பயணத்தில், வண்டி ஊர் எல்லையைத் தாண்டுமுன் வாப்பா ஸலாம் சொன்னார்கள். உம்மா பதில் ஸலாம் சொன்னார்கள். சற்று நேரம் கேட்டபின், "இது கடைசியாக வந்தது. தங்கச்சி பிறந்ததைக் கேட்டுப் பேசியதல்லவா முதலில் வர வேண்டும்?" என்றார்கள். உண்மைதான். பல ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை; பென்டிரைவில் எது முதலில் நகலெடுக்கப்பட்டதோ அதையே முதலில் எடுக்கும். 114 சூராக்களைப் பதிந்து வைப்போரும் 001, 002 என எண்ணிட்டு, அவ்வரிசையிலேயே ஒவ்வொன்றாக நகலெடுப்பது நலம்.

வண்டியை ஓரமாக நிறுத்தி, உம்மா சொன்ன கேசட்டைத் தேடி ஓடவிட்டேன். இரைச்சலுக்கு நடுவே வாப்பாவின் இளமைக் குரல் கேட்டது: "மூத்தவன் ஓதப் போகிறானா? அடிக்காதே, பக்குவமாகச் சொல்லு."

உம்மா ஸ்டீரியோவின் பக்கம் முகத்தைத் திருப்பி, "போகிறான், போகிறான்" என்றார்கள்.