கட்டியவன் போன பிறகு

கவிஞன் செத்தால் புத்தகம் இருக்கிறது. சிற்பி செத்தால் கல் இருக்கிறது. கயிறு கட்டுவதையே கலையாகக் கொண்டவன் செத்தால் என்ன இருக்கும்? கட்டு, அவிழ்ப்பதற்கென்றே போடப்பட்டது. அவிழ்த்த பின் மிஞ்சுவது கயிறும், தோலில் சற்று நேரத்தில் மறைந்துவிடும் தடமும்தான்.

2005இல் காலமான ஜப்பானியர் அகேச்சி டென்கியை முன்வைத்து இதை யோசிக்கிறேன். மனித உடலைச் சணல் கயிற்றால் கட்டும் கின்பாகு என்ற கலையின் ஆசான்களில் அவர் ஒருவர். காமம் கலந்த கலை. அதை மூடிப் பேசுவதில் அர்த்தமில்லை. அதன் பூர்வீகம் இன்னும் குரூரமானது. எடோ காலத்தில் (1603–1868) கைதிகளைக் கட்ட ஹோஜோஜுட்ஸு என்ற வித்தை இருந்தது. கைதியின் அந்தஸ்துக்குத் தக்கபடி கட்டும் மாறும். அந்தத் தண்டனைச் சாதனத்தை இருபதாம் நூற்றாண்டில் இதோ செய்யு (1882–1961) என்ற ஓவியரும் அவர் வழி வந்தவர்களும் வேறொன்றாக்கினார்கள்.

கருவி எளியது: ஆறு மில்லிமீட்டர் கனத்தில், ஏழெட்டு மீட்டர் நீளத்தில் கயிறு. கட்டின் உருவத்தைப் புகைப்படம் காப்பாற்றிவிடும். எவ்வளவு இறுக்கம், எந்த வரிசை, எப்போது தளர்த்துவது என்பதை அது காப்பாற்றாது. மேல்கையில் தவறான இடத்தில் கயிறு அழுத்தினால் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கிப்போகும். ஆகவே கட்டுகிறவனின் கவனம் முடிச்சில் இல்லை, கட்டுண்டவரின் விரல்களில் இருக்கிறது. இதை ஆசானின் கையிலிருந்து சீடனின் கைதான் வாங்கிக்கொள்ள முடியும்.

இதைப் புரிந்துகொள்ள ஜப்பான் போக வேண்டியதில்லை. தென்காசிக் கோபுரம் 1924இல் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990இல் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்தது. எழுப்பியவர்களின் பெயர் ஊருக்குத் தெரியும். அந்த உயரத்துக்குச் சாரம் கட்டியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. சாரம் கட்டுகிற ஒருவர் என்னிடம் சொன்னார்: சாரல் மாதங்களில் கயிறு நனைந்து இறுகும், வெயில் கண்டால் தளரும், காலையில் ஏறுமுன் ஒவ்வொரு கட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். "கண்ணு ஏமாத்திரும் சார், கைதான் சொல்லும்." அவருக்குத் தொழில் கற்றுத்தந்தவர் இறந்து இருபது வருஷமாகிறது. அவருக்கு இருக்கும் ஒரே நினைவுச்சின்னம் அந்தத் தொடுதல்தான்.

தமிழில் கவிதையே கயிற்றின் பாஷையில்தான் பேசப்பட்டு வந்திருக்கிறது. யாப்பு என்றால் கட்டுதல். தளை, தொடை எல்லாம் அந்த வழியில் வந்தவை. கண்ணி என்பது பறவைக்கு வைக்கும் சுருக்கு. பாட்டின் இரண்டடியும் கண்ணிதான். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் பறவைக்குக் கண்ணி வைக்கிறான், மனம் சிங்கியிடம் இருக்கிறது, பறவைகள் தப்பிவிடுகின்றன. கவனம் போனால் கட்டும் போயிற்று. அந்த நழுவலைச் சொல்லும் பாட்டில் கவிராயரின் கை நழுவவில்லை.

அவருக்கு மதுரை முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் கொடுத்தார். அதற்குக் குறவஞ்சிமேடு என்று பெயர். மரியாதைதான், ஆனால் பாட்டைக் காப்பாற்றியது பாடிய வாய்கள். குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த டி.கே.சி. இதை அறிந்தவர். திருநெல்வேலி வட்டத்தொட்டியில் கவிதையை வாய்விட்டுச் சொல்லி, கேட்பவர்களின் காதில் அதன் கட்டை ஏற்றினார். பின்னால் வந்தவர்கள் அவருடைய 'ஆஹா'வை வைத்துக்கொண்டு காதை விட்டுவிட்டார்கள்.

யாப்பை அறுத்ததையே சாதனையாகச் சொல்லும் நம் தரப்பும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அறுப்பது வேறு, அவிழ்ப்பது வேறு. அறுக்கக் கத்தி போதும். அவிழ்க்க, எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் கயிறு அடுத்த கட்டுக்கு உதவும்.

நினைவு மலர் போடுவது சுலபம். ஆசானின் முடிச்சை இன்னொருவன் கையில் ஒப்படைத்து, அங்கே அது சற்று வேறாகிப் போவதையும் பொறுத்துக்கொள்வதுதான் கஷ்டம். அஞ்சலி என்று நான் அதைத்தான் சொல்வேன்.